என் முதல் கண்காட்சியும் அம்மாவின் தாம்பூலப் பையும்

கலைஞனாக வேண்டுமென்றால் திறமை வேண்டும், பொறுமை வேண்டும், பசி தாங்க வேண்டும் என்றெல்லாம் சொல்வார்கள். யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். சொந்தக்காரர்கள் இருக்கக் கூடாது. இருந்தாலும் அவர்களைக் கண்காட்சிக்கு அழைக்கக் கூடாது. அழைத்தே தீர வேண்டுமென்றால், வழியனுப்பும் பொறுப்பை அம்மாவிடம் கொடுக்கக் கூடாது. முதலாவது என் கையில் இல்லை. மற்ற இரண்டையும் நானே முன்வந்து செய்தேன்.

எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா செம்பவாங்கில் கப்பல்களுக்குச் சாயம் அடித்தவர். இப்போது ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அம்மாவுக்குத் தேக்கா பக்கத்தில் ஒரு பூசைச் சாமான் கடையில் வேலை. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எதுவானாலும் வந்தவர்களுக்குக் கொடுத்தனுப்பும் தாம்பூலப் பையைப் போட்டுத் தருவது அவர்தான். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், கூடவே ஒரு சின்னப் பரிசு. அம்மாவின் கையைத் தாண்டாமல் இந்த ஊரில் பாதிக் கல்யாணம் முடிந்திருக்காது.

நான் படித்தது டிசைன். அப்பாவிடம் யாராவது கேட்டால் "டிசைன் இஞ்சினியரிங்" என்பார். இரண்டாவது வார்த்தை அவராகச் சேர்த்துக்கொண்டது. நானும் திருத்தவில்லை.

படிப்பும் ராணுவத்தில் தேசிய சேவையும் முடிந்து ஒரு வருடம் என் அறைக்குள்ளேயே உட்கார்ந்து பொம்மை செய்தேன். (ஒரு வளர்ந்த ஆண்பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு பொம்மை செய்கிறான் என்பதை அப்பா அக்கம்பக்கத்தில் எப்படிச் சமாளித்தார் என்று இன்றுவரை கேட்கத் துணிந்ததில்லை.) எல்லாம் இந்த ஊரில் ஓடுகிற, உழைக்கிற வண்டிகள். மீன் டின்னிலும் உடைந்த குடைக்கம்பியிலும் ஒரு துறைமுகக் கிரேன். ஐஸ்கிரீம் குச்சியில் வேலையாட்களைச் செதுக்கிப் பின்னால் உட்கார வைத்த லாரி. குப்பை லாரி, எல்ஆர்டி என்கிற குட்டி ரயில் பெட்டி, குடை விரித்த ஐஸ்கிரீம் வண்டி, படகு. எதுவும் உள்ளங்கையை விடப் பெரிது இல்லை. அவற்றைத் தெருவில் வைத்துப் படம் எடுப்பேன். பொம்மை, கேமராவை ஒட்டி இருக்கும்; கட்டடம் தூரத்தில். படத்தில் பார்த்தால் என் கிரேன் செம்பவாங்கில் ஓர் அடுக்குமாடி புளோக்கையே தூக்கிக்கொண்டிருக்கும். சிராங்கூன் சாலையில் நிஜப் பேருந்துக்கு வழிவிடாமல் என் குப்பை லாரி நிற்கும்.

ஒரு கலை அமைப்பு, இளைஞர் ஒருவருக்கு ஒரு வருடம் இலவசமாகப் பட்டறை இடம் தருவதாக அறிவித்திருந்தது. அதற்கு ஒரே நிபந்தனை, சொந்தமாகக் கண்காட்சி வைத்துக் காட்ட வேண்டும். அந்த அமைப்பிலிருந்து மிஸ் லிம் என்பவர் நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வார். நான் அப்பாவிடம் போய் நின்றேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"சரி. இந்த ஒரு தடவ. அந்தம்மா சரின்னா பொம்மை செய். இல்லன்னா என்கூட கெடங்குக்கு வா. ஆபீஸ்ல ஆள் கேக்குறாங்க. ஏசி ரூம்தான்."

அப்பாவின் ஏசி அறையிலிருந்து என்னைக் காப்பாற்ற இந்த உலகத்தில் மிஸ் லிம் ஒருவர்தான் இருந்தார்.

இடம் பிடித்துக் கொடுத்தது அம்மா. அவர் வேலை பார்க்கும் கடையின் மாடி, சாமான் அடுக்கும் இடம், ஒரு வாரக் கடைசிக்குக் காலி செய்து தர முதலாளியிடம் கேட்டு வாங்கியிருந்தார். முன்பக்கம் ஒரு பெரிய அறை, பின்பக்கம் ஒரு சின்ன அறை, அதிலிருந்து சந்துக்கு இறங்கும் படிக்கட்டு. பார்த்ததும் எனக்குள் யோசனை பொங்கியது. பெரிய அறையில் படங்கள் மட்டும். மக்கள் பார்த்து, இவ்வளவு பெரிய இயந்திரங்களா என்று மலைத்துப் பின் அறைக்கு வருவார்கள். அங்கே, வெளியே போகும் வழியில், வெள்ளை விரிப்பு போட்ட நீள மேசையில் பொம்மைகள். அட, இத்தனூண்டா என்று திகைத்து வெளியேறுவார்கள். திகைப்போடு எடுத்துப் போக மேசையின் ஓரத்தில் அழகான காகிதப் பைகளில் என் கையேடு. பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் கற்றதன் மொத்தச் சாறு அந்த மேசை.

அழைப்பு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன் என்றதும் அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "போன்ல கூப்ட்டா அதுக்குப் பேரு அழைப்பா?" அடுத்த இரண்டு வாரம் சனி ஞாயிறு வீடுவீடாகப் போய், குங்குமம் வைத்து, "நம்ம சரவணனோட விசேஷம், கண்டிப்பா வந்துரணும்" என்று சொல்லிவிட்டு வந்தார். கண்காட்சி என்ற சொல்லை அவர் ஓரிடத்திலும் பயன்படுத்தவில்லை என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை. ராகுகாலம் பத்தரைக்கு முடிகிறது என்று பத்தரைக்கு மேல் திறப்பு. மிஸ் லிம் மாலை ஐந்து மணிக்கு வருவதாக எழுதியிருந்தார். காலையில் உறவுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், மாலையில் அமைதியாகக் கலை பேசலாம் என்பது என் திட்டம்.

உறவுக்காரர்கள் பட்டுச்சேலையில் வந்தார்கள். ஒரு தாத்தா மணமேடை எங்கே என்று கேட்டார். சுவா சூ காங் பெரியம்மா ஒவ்வொரு படமாக நின்று பார்த்துவிட்டு என்னைத் தனியே இழுத்தார்.

"தம்பி, தப்பா நெனைக்காத. ஒரு படத்துலகூட நெசமான ஆளே இல்லையேப்பா?"

"வண்டிங்கதான் பெரியம்மா சப்ஜெக்ட்."

"இருக்கட்டும். ஓரமா யாராச்சும் ஒரு ஆள நிக்க வச்சிருக்கலாம். லட்சணமா இருந்திருக்கும்."

செம்பவாங் மாமா, அம்மாவின் அண்ணன், கப்பல் பட்டறையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கிரேன் படத்தின் முன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றவர் நகரவே இல்லை.

"மாப்ள, இது எந்த யார்டுல நிக்குது?"

"யார்டுல இல்ல மாமா. பின்னால மேசையில நிக்குது."

என்னை ஒரு நிமிடம் இரக்கத்தோடு பார்த்தார். "படிச்சவங்க பேசுறது நமக்குப் புரிய மாட்டேங்குது லா" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் பின் அறைக்குப் போனார்.

நான் முன் அறையை விட்டு நகரவில்லை. வருகிறவர்களுக்குப் பொம்மை எங்கே, கேமரா எங்கே, கட்டடம் எங்கே என்று கையைக் காலை ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். பின்பக்கத்தை அம்மா பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். சன்னல் வழியாகக் கீழே சந்து முனையைப் பார்த்தேன். வெளியே போகிற ஒவ்வொருவர் கையிலும் என் காகிதப் பை. முகமெல்லாம் சிரிப்பு. என் கையேட்டுக்கு இவ்வளவு வரவேற்பா என்று பூரித்துப்போனேன். (அந்தக் கையேட்டில் நான் எழுதியிருந்த முன்னுரையை இப்போது படித்தால் எனக்கே அர்த்தம் விளங்குவதில்லை. அன்றாவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.)

பன்னிரண்டரை வாக்கில் கூட்டம் வடிந்தது. பின் அறைக்குப் போனேன். அம்மா மேசை விரிப்பை உதறி மடித்துக்கொண்டிருந்தார். மேசை துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"பொம்மையெல்லாம் எங்கம்மா?"

"குடுத்தாச்சு."

"என்னது குடுத்தாச்சு?"

"வந்தவங்களுக்குத்தான். ஆளுக்கு ஒண்ணு. பெரியம்மாவுக்கு ரெண்டு பேரப்புள்ளைங்க, அதனால ரெண்டு. கடைசியில பத்தல. கீழ கடையிலேர்ந்து எவர்சில்வர் கிண்ணம் எடுத்தாந்து சமாளிச்சேன். யாரும் ஒரு வார்த்த சொல்லல. எல்லாருக்கும் திருப்தி."

நான் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன்.

"அம்மா. அது கண்காட்சிம்மா. பாக்குறதுக்கு வச்சது."

"வெளிய போற வழி. மேசை. வெள்ள விரிப்பு. பக்கத்துல பை. இது வேற எதுக்குடா?"

மேசையின் மறுபக்கம் போய் நின்று பார்த்தேன், அங்கிருந்தும் அது அப்படித்தான் தெரிந்தது.

"ஒரு வருஷமா உக்காந்து செஞ்சியே, எதுக்குடா இவன் இவ்ளோ செய்யுறான்னு மண்டையப் போட்டு ஒடச்சுக்கிட்டேன்" என்றார் அம்மா. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "இன்னைக்கு மேசையப் பாத்ததும்தான் வெளங்குச்சு. கடையில வாங்கிக் குடுக்காம எம்புள்ள தன் கையாலயே செஞ்சு குடுக்குறான்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்."

"அந்தக் கையேடு?"

"அந்தப் பேப்பரா? ஆடாம இருக்கட்டும்னு பொம்மைய அதுல சுத்திக் குடுத்தேன்."

ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. ஐஸ்கிரீம் வண்டி. பிடித்திருந்ததால் அம்மா தனக்கென்று எடுத்து வைத்திருந்தார்.

மிஸ் லிம்மைப் பற்றி, ஐந்து மணியைப் பற்றி, ஒரு வருடப் பட்டறையைப் பற்றி மூச்சு விடாமல் சொன்னேன். அம்மாவின் முகம் மெல்ல மாறியது. அப்பா மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கைக்கடிகாரத்தை மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அது ஐந்து மணியைப் பார்த்த மாதிரி தெரியவில்லை. திங்கட்கிழமையைப் பார்த்த மாதிரி இருந்தது.

"நான் போய் வாங்கிட்டு வந்துர்றேன்" என்றேன்.

"குடுத்தத திருப்பிக் கேக்கப்போறியா? வெத்தல பாக்கு வச்சுக் குடுத்தது. அதுக்கு நான் ஆத்துல போய்க் குதிச்சிரலாம்."

"அப்ப என் வாழ்க்கை?"

அம்மா மடித்த விரிப்பை மேசைமேல் வைத்தார். "நீ தனியாப் போனா ஏடாகூடமாப் பேசிருவ. நானும் வர்றேன். ஆனா கேக்கமாட்டேன். நீதான் கேக்கணும்." படியிறங்கியதும் அடுத்த பிரச்சினை. ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு எப்படிப் போவது? பரிசைப் பறிக்கப் போகிற வீடுகளுக்கு ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு நாங்கள் ரயிலேறினோம்.

புக்கிட் பாஞ்சாங்கில் இறங்கி எல்ஆர்டிக்கு மாறினோம். அது வீடுகளை ஒட்டிப் போகும்போது, உள்ளே இருப்பவர்களை நாம் பார்த்துவிடக் கூடாது என்று சன்னல் கண்ணாடி தானாகவே புகை படிந்த மாதிரி மங்கிவிடும். அன்று அது எனக்காகவே மங்கியது போலிருந்தது. இவனுக்கு இனி வெளியே பார்க்க ஒன்றுமில்லை என்று அதுவே முடிவு கட்டிவிட்டது.

சுவா சூ காங்கில் கதவைத் திறந்த பெரியம்மா எங்களைப் பார்த்தார், அம்மாவின் பட்டுச்சேலையைப் பார்த்தார், பழப்பையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"காலைலதான் பாத்தோம், ஒரு வார்த்த சொல்லலியே தங்கச்சி. பொண்ணு யாரு?"

"எந்தப் பொண்ணு?" என்றேன்.

"வெக்கப்படாதப்பா. பழத்தோட வந்திருக்கீங்க."

பெண் இல்லை என்று நம்ப வைப்பதற்கே ஒரு தேநீரும் ஒரு தட்டு முறுக்கும் செலவாயின. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பெரியம்மா, காலையில குடுத்த பொம்மை..." என்று ஆரம்பித்தேன்.

"அய்யோ, அத ஏன் கேக்குற. புள்ளைங்க கீழயே வைக்கல. வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். குளியலறையில் வாளிக்குள் எல்ஆர்டி மிதந்துகொண்டிருந்தது. மிதந்தது என்பது மரியாதைக்காகச் சொல்வது. அட்டையில் செய்தது, கூரை மட்டும் மேலே வந்திருந்தது. சாப்பாட்டு மேசையில் பெரிய பேரன் குப்பை லாரியோடு உட்கார்ந்திருந்தான். லாரிக்குள் மீன் முள்ளும் கறிவேப்பிலையும் முருங்கைக்காய்ச் சக்கையும் இருந்தன. எந்தக் காரியத்துக்காகச் செய்யப்பட்டதோ அதைச் செய்துகொண்டிருந்த ஒரே பொம்மை அதுதான்.

"எப்பயும் முள்ளக் கீழ போடுவான்" என்றார் பெரியம்மா. "இன்னைக்குத்தான் ஒழுங்கா ஒரு எடத்துல போடுறான். நல்ல சாமான் செஞ்சிருக்க தம்பி."

நான் கேட்கவில்லை. கேட்டு வாங்கி மிஸ் லிம்மிடம் எந்த முள்ளைக் காட்டுவது? கிளம்பும்போது பெரியம்மா அம்மாவுக்குக் குங்குமம் வைத்து, ஒரு ரவிக்கைத் துணியும் ஒரு டப்பா முறுக்கும் கொடுத்தார். பறிக்கப் போன இடத்திலிருந்து மேலும் சுமந்துகொண்டு வந்தோம்.

ரயிலில் தொலைபேசியை எடுத்தேன். கேலாங் அத்தை, அப்பாவின் தங்கை, படகு வாங்கிப் போனவர்.

"அந்தப் படகா? பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி ஆ மாவோட பேரனுக்கு இன்னைக்குப் பொறந்தநாளாம்பா. கைல இருந்துச்சு, குடுத்துட்டேன்."

"அத்தை, நீங்க வீட்டுக்குப் போயே ஒரு மணி நேரம்தானே ஆச்சு?"

"ஆமா. நல்லவேளை நீ குடுத்த. இல்லன்னா கடைக்குப் போயிருக்கணும்."

லாரி அப்பாவோடு வேலை பார்க்கும் முருகேசன் அண்ணனிடம் இருந்தது. அவர் விடுமுறையில் ஊருக்குப் போகிறவர். அழைத்தபோது பின்னால் விமான நிலைய அறிவிப்பு கேட்டது.

"தம்பி, பெட்டிய எட போட்டு உள்ள அனுப்பியாச்சே. ஏதும் அவசரமா?" என்றவர், நான் பதில் சொல்வதற்குள் தொடர்ந்தார். "எம் பையன்கிட்ட வீடியோல காட்டிட்டேன். பின்னால உக்காந்திருக்காங்கள்ல, அதுல ஓரத்துல இருக்கிறது அப்பாதான்டான்னு சொல்லியிருக்கேன். காலைலேர்ந்து நாலு தடவ போன் பண்ணிட்டான்."

"ஒண்ணுமில்லண்ணே. நல்லபடியாப் போய்ட்டு வாங்க" என்றேன். என் லாரி இன்னும் சில மணி நேரத்தில் திருச்சியில் இறங்கிவிடும். கலைஞனுக்கு முன்னால் அவன் படைப்பு வெளிநாடு போவது பெருமைதான். அந்த நேரத்தில் அப்படித் தோன்றவில்லை.

மற்றவர்களையும் அழைத்தேன். ஒருவர் எடுக்கவில்லை. ஒருவர் பையை டாக்ஸியில் விட்டுவிட்டதாகச் சொன்னார். இன்னொருவர் தனக்குக் கிண்ணம்தான் வந்தது, பொம்மை வரவில்லை, அது ஏன் என்று அம்மாவிடம் கேட்கச் சொன்னார்.

மூன்று மணி தாண்டி செம்பவாங். மாமா வீட்டு வரவேற்பறையில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. அதில் கப்பல் பட்டறை கொடுத்த நீண்டகாலச் சேவைக் கேடயம், மகள் பட்டம் வாங்கிய படம். இரண்டுக்கும் நடுவில், கேடயத்தைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, என் கிரேன் நின்றது.

"மாப்ள, அந்தக் கொக்கி இருக்கே" என்று மாமா அலமாரியைத் திறந்தார். "சரியா வச்சிருக்க. ஆனா கேபின் ஏணி எடது பக்கம் வரணும். பரவால்ல. நான் மேல உக்காந்திருப்பேன்ல, இந்த எடம்." சின்ன விரலால் காட்டினார். அத்தை காப்பி கொண்டுவந்து வைத்தார். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்காதே என்ற பார்வை.

மணி மூன்றரை. நான் கேட்டேன்.

எப்படிக் கேட்டேன் என்பதை எழுத எனக்குத் தைரியமில்லை. "ஐந்து மணிக்கு மட்டும்", "அந்தம்மா பாத்துட்டுப் போனதும்" என்றெல்லாம் சொன்னேன் என்பது நினைவிருக்கிறது. மாமா கிரேனை எடுத்தார். அதே காகிதப் பையைத் தேடி எடுத்து அதற்குள் வைத்தார். பிறகு சமையலறைக்குப் போய், காலையில் வந்த வெற்றிலையையும் குங்குமப் பொட்டலத்தையும் கொண்டுவந்து அதையும் உள்ளே வைத்து என்னிடம் நீட்டினார்.

"வெத்தல இருக்கட்டும் மாமா."

"இல்ல மாப்ள. எல்லாம் சேந்துதான வந்துச்சு."

லிப்டில் இறங்கும்போது அம்மா சுவரைப் பார்த்து நின்றார். "அண்ணன் மொகத்துல இனிமே நான் எப்படி முழிப்பேன்" என்றார். தேக்கா வரும்வரை அந்தப் பையை அவர் கையால் தொடவே இல்லை.

ஐந்து மணிக்குச் சொன்னபடி மிஸ் லிம் வந்தார். தோளில் ஒரு பெரிய துணிப்பை, கையில் குடை. முன் அறையில் படங்களை நிதானமாகப் பார்த்தார். கிரேன் படத்தின் முன் நின்று, இந்த இயந்திரத்தை எங்கே வாடகைக்கு எடுத்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் பின் அறைக்கு வழிகாட்டினேன்.

நீள மேசை. வெள்ளை விரிப்பு. இந்தக் கோடியில் ஒரு கிரேன், அந்தக் கோடியில் ஓர் ஐஸ்கிரீம் வண்டி. நடுவில் ஒன்றுமில்லை.

அவர் குனிந்து கிரேனைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, நான் ஒரு வருடமாகக் காத்திருந்த சிரிப்பு. முன் அறைக்கு ஓடிப்போய்ப் படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடி சிரித்தார். மற்றவை எங்கே என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன், மீன் முள் உட்பட. அதற்கும் சிரித்தார். குழுவிடம் தான் நல்லவிதமாகச் சொல்லப்போவதாகவும், பட்டறையில் என்னென்ன கருவிகள் தேவைப்படும் என்று யோசித்து வைக்கும்படியும் சொன்னார். நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றிருந்தார்.

அந்த இடத்தில் இந்தக் கதை முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

மிஸ் லிம் கிளம்பினார். அம்மா கிரேனைக் கையில் எடுத்துக்கொண்டு வழிமறித்தார்.

"நோ நோ ஆன்ட்டி, தேங்க்யூ. எங்களுக்கு அனுமதி இல்ல லா" என்று மிஸ் லிம் ஆங்கிலத்தில் சொன்னார். அம்மா சிரித்தபடி மறுபடி நீட்டினார். அவர் மறுபடி மறுத்தார். நான் குறுக்கே புகுந்து, "அம்மா, அவங்க வாங்கக் கூடாதுமா, ரூல்ஸ்" என்றேன். அம்மா தலையாட்டினார். சரி, புரிந்துகொண்டார் என்று நினைத்து நான் படிக்கட்டு விளக்கைப் போடப் போனேன்.

எங்கள் வழக்கம் எனக்குத் தெரியாதா? கௌரவமான விருந்தாளி மூன்று தடவை வேண்டாம் என்றுதான் சொல்வார். வாங்க ஆசை இருக்கிறவர் மேலும் அழுத்திச் சொல்வார். வேண்டாம் என்றதும் விட்டுவிடுவது கொடுக்கிறவருக்குத்தான் அவமானம்.

மிஸ் லிம் இறங்கிப் போனபின் விளக்கை அணைக்க வந்தேன். மேசையில் ஐஸ்கிரீம் வண்டி மட்டும் இருந்தது.

"கிரேன்?"

"குடைய எடுக்கக் குனிஞ்சாங்கல்ல" என்றார் அம்மா. மதியத்திலிருந்து முதல்தடவையாக அவர் முகம் தெளிந்திருந்தது. "பையில வச்சிட்டேன். கூட ஒரு ரவிக்கத் துணியும். உனக்கு இவ்ளோ நல்லது செய்யப்போறவங்கள வெறுங்கையோட அனுப்பச் சொல்றியா?"

புதன்கிழமை மின்னஞ்சல் வந்தது. மிக மரியாதையான மின்னஞ்சல். விண்ணப்பதாரரின் குடும்பத்தாரிடமிருந்து தேர்வாளருக்கு அன்பளிப்பு வந்திருப்பதால், விதிகளின்படி அவர் அதை மேலிடத்தில் தெரிவிக்க வேண்டியதாயிற்று. எனவே இந்த முறை என் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க இயலவில்லை. கீழே மிஸ் லிம் தனியாக ஒரு வரி சேர்த்திருந்தார். தனக்கு மிகவும் வருத்தம், கிரேன் மிகவும் அழகு.

மறுநாள் கூரியரில் கிரேன் திரும்பி வந்தது, ரவிக்கைத் துணியோடு. அம்மா பெட்டியைப் பிரித்துப் பார்த்துக் கொதித்துப்போனார்.

"குடுத்தத திருப்பி அனுப்புவாங்களா? என்ன பழக்கம் இது? மனுஷங்களா இவங்க?"

"அம்மா, அன்னைக்கு மாமா வீட்ல நாம..."

"அது வேற."

அப்பா அன்று இரவு சாப்பிட்டபின், தன் நல்ல சட்டைகளில் ஒன்றைத் தேய்த்து என் அறைக் கதவில் மாட்டிவிட்டுப் போனார். அளவு சரியாக இருந்தது. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. இப்போது அந்த ஏசி அறையில் எந்தச் சரக்கு எந்த லாரியில் ஏற வேண்டும் என்று நான்தான் சொல்கிறேன். எல்லாம் நிஜ அளவு லாரிகள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பொம்மை செய்கிறேன், கதவைத் தாழ் போட்டுக்கொண்டு.

கிரேனை எடுத்துக்கொண்டு செம்பவாங் போனேன். அலமாரியில் கேடயத்துக்கும் படத்துக்கும் நடுவில் இடைவெளி அப்படியே இருந்தது. மாமா பையை வாங்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எவ்ளோ நாளைக்கு மாப்ள?"

அத்தை உள்ளே சிரித்துவிட்டார். அவ்வளவுதான், பரவிவிட்டது. அன்றிலிருந்து நான் யாருக்கு எதைக் கொடுத்தாலும், தீபாவளிப் பலகாரமானாலும் குழந்தைக்குத் தங்க மோதிரமானாலும், "எவ்ளோ நாளைக்கு?" என்று கேட்காமல் எங்கள் குடும்பத்தில் யாரும் கை நீட்டுவதில்லை. விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் திருச்சியிலிருந்து முருகேசன் அண்ணன்கூட அப்படித்தான் செய்தி அனுப்புகிறார்.

போன மாதம் பெரியம்மா வீட்டில் புதிதாகப் பிறந்த பேத்திக்குக் காதுகுத்து. பை கொடுக்கும் இடத்தில் ஆள் இல்லை என்று அம்மா என்னை நிறுத்திவிட்டார். என் கையால் வாங்க ஒருவரும் வரவில்லை. பக்கத்தில் நின்ற அப்பாவிடம் வரிசை நீண்டு வாசல்வரை போயிற்று. கடைசியில் நாலு வயதுக்காரி ஒருத்தி, என் கண்காட்சி நடந்தபோது பேச்சுகூட வராதவள், விறுவிறுவென்று வந்து என் கையிலிருந்து பையைப் பிடுங்கினாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் நேராகப் போய் நடுக்கூடத்தில் பையைத் தரையில் வைத்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, நான் வீட்டுக்குக் கிளம்பும்வரை என்னைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.